எப்போதைக்கு வேணும்? – லியோனில் ஒரு வாரம்

அக்டோபர் 26, சனி

பிரான்சில் இருக்கும் இந்த லியோனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆய்வகம், வீடு, மறுபடி ஆய்வகம் என்றே காலம் ஓடிவிட்டது. இந்த வாரம் முழுக்க லீவு போட்டிருக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், ஏன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே இங்கே எழுதிப் போடுகிறேன்.

காலையில் சோன் நதிக் கரைக்குப் போனேன். சேன் அந்துவான் கரையில் திங்கள் தவிர எல்லா நாளும் சந்தை உண்டு. நதியை ஒட்டி, மரங்களுக்குக் கீழே நீளமாகக் கடைகள். இது அக்டோபர் கடைசி. பூசணி, ஆர்தேஷ் மலைக் கஷ்கொட்டை, கிரனோபிள் வால்நட், மண் ஒட்டிய காட்டுக் காளான் எல்லாம் வந்து குவிந்திருக்கின்றன. தான் விளைவித்ததைத் தானே கொண்டுவந்து விற்கும் ஒரு விவசாயி அம்மாவிடம் தக்காளி இருக்கிறதா என்று கேட்டேன். "முடிஞ்சு போச்சும்மா. இனி அடுத்த வருஷம்தான்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, மழைக்காலம் வந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். எதிர்த்தாற்போல் சூப்பர் மார்க்கெட்டில் ஸ்பெயின் தக்காளி கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் மேசையில் அதற்கு இடமில்லை.

அடுத்து சீஸ் கடை. நான் வாங்கப் போனது சேன் மார்செலேன். லியோனுக்குத் தென்கிழக்கே இருக்கும் அந்தச் சிற்றூரின் பெயர்தான் சீஸுக்கும். பசும்பாலில் செய்வது, வட்டமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, ஒன்று சுமார் 80 கிராம். "ஒண்ணு குடுங்க" என்றதும் கடைக்காரர் கேட்டார்:

"எப்போதைக்கு வேணும்?"

வந்த புதிதில் இந்தக் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. எப்போதைக்கு என்றால்? வாங்குவது சாப்பிடத்தானே? கோடையில் முலாம்பழம் வாங்கப் போனபோது அங்கேயும் இதே கேள்வி: மதியத்துக்கா, ராத்திரிக்கா? அப்போதுதான் சட்டென்று பாட்டி ஞாபகம் வந்தது. மதுரை யானைக்கல்லில் மாம்பழக் கூடைக்காரர் பாட்டியிடம் கேட்பார், "இன்னைக்காத்தா, நாளைக்காத்தா?" பாட்டி சொல்வாள், "ரெண்டு இன்னைக்கு, நாலு நாளன்னைக்கு, வெள்ளிக்கிழமைக்கு விருந்தாளு வருது." அவர் ஒவ்வொன்றாகக் காம்புப் பக்கம் முகர்ந்து, விரலால் மெல்ல அழுத்தி எடுத்துக் கொடுப்பார். நான் சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜுக்குப் பழகி அந்தக் கேள்வியையே மறந்திருந்தேன். அதை எனக்கு ஞாபகப்படுத்தியது இந்த ஊர்.

"ஒண்ணு இன்னைக்கு. ஒண்ணு வர்ற வெள்ளிக்கிழமைக்கு" என்றேன்.

கடைக்காரர் ஏழெட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்றைக்கு என்று எடுத்தது மஞ்சளேறி, சுருங்கி, ஓரம் தளர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு என்று எடுத்தது வெள்ளையாக, நம் பனீர் மாதிரி கெட்டியாக இருந்தது. "ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. சமையலறை ஜன்னலுக்கு வெளியே திட்டு இருக்கா? அங்க ஒரு தட்டில வெச்சுக் கிண்ணத்தால மூடுங்க. தினம் ஒரு தடவை புரட்டிப் போடணும்" என்றார்.

வைத்துவிட்டேன். வெளியே 12 டிகிரி.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று அதிகாலை மூன்று மணி இரண்டு மணியாகிவிட்டது. குளிர்கால நேரம் தொடங்கியாயிற்று, மதுரைக்கும் எனக்கும் இனி நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா போனில், "அதென்ன, நினைச்சா மணியை மாத்திக்கிறாங்க!" என்றாள். ஆனால் ஒரு நேரத்தை மட்டும் இங்கே யாரும் மாற்றுவதில்லை. ஞாயிறு மதியச் சாப்பாடு.

கீழ் வீட்டு மதாம் கூப்பிட்டிருந்தார். வயது எழுபத்தெட்டு, தனியாக இருக்கிறார். இன்று மகன், மருமகள், பேரன் வந்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம், எழுந்தபோது நாலு ஆகப் போகிறது.

போகும் வழியில் ரொட்டிக் கடையில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. ஞாயிறு காலை வரிசை அப்படித்தான். நீள ரொட்டியான பகெத்திலேயே "திரதிசியோன்" என்று ஒரு வகை உண்டு. 1993-ல் அரசு ஒரு ஆணை போட்டது. அந்தப் பெயரில் விற்பதென்றால் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அடிப்படை. ரசாயனச் சேர்க்கை கூடாது, எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. 1998-ல் இன்னொரு சட்டம் வந்தது. மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை தன் கையால் செய்பவர்தான் கடைக்கு "பூலான்ழெரி" என்று பலகை மாட்டலாம். எங்கோ ஆலையில் உறைய வைத்த மாவை வாங்கிச் சுட்டு மட்டும் கொடுப்பவர் அந்தச் சொல்லை எழுதக் கூடாது. ஒரு சொல்லுக்குச் சட்டம் காவல் நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2022-ல் பகெத் செய்யும் கைத்திறனையும் பழக்கத்தையும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வரிசையில் நின்றால் இன்னொன்று கேட்கும். "நல்லா வெந்தது", "ரொம்ப வேகாதது" என்று ஆளாளுக்கு ஒன்று கேட்கிறார்கள், கடைக்காரப் பெண் கூடையில் தேடி எடுக்கிறார். தோசைக்கல் முன்னால் நின்று "முறுகலா ஒண்ணு", "எனக்கு மெத்துன்னு" என்பது போலத்தான். வாங்கியவர் கடையை விட்டு நாலடி வைப்பதற்குள் சூடான நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நானும் கிள்ளினேன்.

இனி மேசை. முதலில் அவித்து ஆற வைத்த லீக் தண்டு, மேலே கடுகும் வினிகரும் எண்ணெயும் கலந்த சாறு. அடுத்து அடுப்பில் முழுசாக வாட்டிய கோழி, கூடவே பாலும் கிரீமும் ஊற்றி அடுக்கடுக்காக வேகவைத்த உருளைக்கிழங்கு. அதன் பெயர் கிராத்தேன் தோஃபினுவா. பிறகு பச்சைக் கீரை. பிறகு சீஸ் தட்டு. கடைசியில் ஆப்பிள் பை, காப்பி. ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும். ஒன்று முடிந்து தட்டை எடுத்த பிறகுதான் அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே இலையில் பரப்பி, எதை எதனுடன் பிசைவது என்பதை உண்பவர் கைக்கு விட்டுவிடும் சாப்பாட்டில் வளர்ந்தவள் நான். அங்கே இடத்துக்கு ஒழுங்கு உண்டு: உப்பு எங்கே, இனிப்பு எங்கே, சோறு எங்கே. இங்கே ஒழுங்கு நேரத்துக்கு. 2010-ல் யுனெஸ்கோ பிரெஞ்சு உணவை மரபாக அங்கீகரித்தபோது எந்த ஒரு பண்டத்தையும் பட்டியலில் வைக்கவில்லை. நல்ல நாளில் எல்லோரும் கூடி உட்கார்ந்து இந்த வரிசையில் உண்ணும் விருந்தைத்தான் வைத்தது.

மூன்றரை மணி நேரமும் என்ன பேசினார்கள்? பாதி நேரம் சாப்பாட்டைப் பற்றித்தான். கிராத்தேனில் சீஸ் போடலாமா கூடாதா என்று மகனுக்கும் மருமகளுக்கும் இருபது நிமிடம் வாக்குவாதம். "போட்டா அது தோஃபினுவாவே இல்ல" என்பது மதாமின் தீர்ப்பு. எங்கள் வீட்டில் சாம்பாரில் வெல்லம் போடும் வழக்கு இன்னும் தீரவில்லை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு காட்சி. பேரன் பகெத்தைக் கொண்டுவந்து மேசை விரிப்பின் மேல் கவிழ்த்து வைத்தான். ரொட்டிக்கு இங்கே தட்டு கிடையாது, துணி மேல்தான் வைப்பார்கள். மதாம் பேச்சை நிறுத்தவில்லை, அவன் பக்கம் பார்க்கவும் இல்லை. கை மட்டும் நீண்டு ரொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பியது. ஏன் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் மரண தண்டனை பெற்றவர்களின் தலையை வெட்டும் அரசாங்க ஆளுக்கு உரிய ரொட்டியைக் கடைக்காரர் கவிழ்த்து வைப்பாராம், வேறு யாரும் அதைத் தொட மாட்டார்களாம். அதனால் கவிழ்ந்த ரொட்டி வீட்டுக்கு ஆகாது. அவருடைய அம்மா பெரிய ரொட்டியை வெட்டுமுன் கத்தி முனையால் அதன் அடியில் சிலுவைக் குறி போடுவாராம். "நான் கோயிலுக்குப் போறதில்ல. ஆனா ரொட்டியைக் கவிழ்க்க முடியல" என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

சந்தை இல்லை. பாதிக் கடைகள் மூடல். நேற்று மீந்து கல்லாகிவிட்ட ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்து வெண்ணெயில் வாட்டினேன். இதற்கு இங்கே பெயர் "பேன் பெர்தூ". தொலைந்த ரொட்டி என்று பொருள். தொலைந்ததை மீட்டாயிற்று.

இன்னொன்று எழுதிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கணினி முன்னால் உட்கார்ந்து டப்பாவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் பெண் கதவருகே வந்து நின்று, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். அவள் உண்மையாகவே பதறிப்போயிருந்தாள். வேலை செய்யும் இடத்திலேயே உண்ண விடக் கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அன்று அவள் என்னையும் டப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் எல்லோரும் உட்காரும் மேசையில் உட்கார வைத்தாள். என் பிரெஞ்சு வளர்ந்தது மொழி வகுப்பில் அல்ல, அந்த மேசையில்தான்.

சீஸைப் புரட்டிப் போட்டேன். மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

க்ருவா ரூஸ் மேட்டுக்கு ஏறினேன். லியோனின் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த மேடு இது. அவர்களைக் "கான்யூ" என்பார்கள். இங்கே வீடுகளின் கூரை உயரம் சுமார் நாலு மீட்டர், ஜன்னல்களும் அதற்கேற்ற உயரம். மனிதருக்காகக் கட்டிய அளவில்லை அது, தறிக்காகக் கட்டியது. லியோனில் பிறந்த ழோசெஃப் மரி ழக்கார் 1804-ல் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கருவியைத் தறிக்குமேல் பொருத்தினார். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிக்குமேல் உட்கார்ந்திருக்கும் "ஜக்கார்டு பெட்டி" இவர் பெயரில் வந்ததுதான். என் கல்யாணப் புடவையின் கரை இந்த மேட்டிலிருந்து புறப்பட்டது என்பது இங்கே வந்து நின்றபோதுதான் உறைத்தது.

கான்யூக்கள் விடியுமுன் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வயிறு கேட்கும்போது உண்டதற்குப் பெயர் "மாஷோன்". பணக்காரர் வீட்டுக்குக் கறித்துண்டுகள் போன பிறகு மிஞ்சியவைதான் அவர்களுக்கு: குடல், இரைப்பை, தலை, கால், ரத்தம். கூடவே போஜோலே ஒயின். 1831-ல் கூலிக்குக் குறைந்தபட்ச விலை கேட்டுக் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள் கருப்புக் கொடியில் எழுதியிருந்தது: "உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்." லியோனின் புகழ்பெற்ற சமையல் அரண்மனைகளில் பிறந்ததில்லை, பசியில் பிறந்தது.

மதியம் ஒரு "பூஷோன்". இந்த ஊருக்கே உரிய சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு அந்தப் பெயர். கட்டம் போட்ட மேசைத்துணி, தோளோடு தோள் இடிக்கும் நாற்காலிகள், ஒயின் வரும் கனத்த அடியுள்ள 46 சென்டிலிட்டர் குப்பி. பலகையைப் படித்தேன். அந்துயெத் என்றால் குடலைக் குடலுக்குள்ளேயே திணித்த சாசேஜ். தப்லியே த சப்பேர் என்றால் தேன்கூடு போன்ற மாட்டு இரைப்பையை ஒயினில் ஊறவைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. பூதேன் நுவார் என்றால் பன்றி ரத்தத்தில் வெங்காயம் சேர்த்துச் செய்த சாசேஜ், பக்கத்தில் வெண்ணெயில் வதக்கிய ஆப்பிள்.

வெளிநாட்டவர் பலர் இந்தப் பலகையைப் படித்துவிட்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கோ ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நான் மதுரைக்காரி. குடல் குழம்பும் ஈரலும் சுவரொட்டியும் ஞாயிறு காலைகளில் தின்று வளர்ந்தவள். பூதேன் கேட்டேன்.

கருப்பாக, பளபளவென்று, தோல் லேசாக வெடித்து வந்தது. கத்தி பட்டதும் உள்ளே பதமாகக் குழைந்தது. முதல் வாயில் வெங்காயத்தின் இனிப்பு, பிறகு இரும்பு ருசி, பிறகு ஏதோ ஒரு மசாலா, ஜாதிக்காயாக இருக்க வேண்டும். அப்படியே எங்கள் வீட்டு ரத்தப் பொரியல். அம்மா சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு உதிர் உதிராக வதக்குவாள். இவர்கள் கிரீம் சேர்த்து மென்மையாக்குகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். உயிரைக் கொன்றாயிற்று, ஒரு சொட்டையும் வீணாக்காதே என்ற மரியாதை இரண்டிலும் ஒன்றுதான். பரிமாறிய அம்மாள் வழித்த தட்டைப் பார்த்துவிட்டு, "எங்கிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். ரத்தப் பொரியல் பற்றிச் சொன்னேன். ஆட்டு ரத்தமா, எவ்வளவு நேரம் உறைய விடுவீர்கள், உப்பு எப்போது போடுவீர்கள் என்று நின்றபடியே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கடைசியில் "செர்வெல் த கான்யூ" வந்தது. நெசவாளி மூளை என்று அர்த்தம். ஆனால் மூளை இல்லை. பால் தயிர் போன்ற வெள்ளைச் சீஸை அடித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, பச்சிலைகள், வினிகர், எண்ணெய் கலந்தது. மூளைக் கறி வாங்க வக்கில்லாத நெசவாளிக்கு இதுதான் மூளை என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். வாயில் வைத்தால் வெங்காயப் பச்சடி. கடுகு தாளித்துக் கொட்டினால் எங்கள் வீட்டில் யாரும் வேற்றூர்ப் பண்டம் என்று சொல்ல மாட்டார்கள்.

மேட்டிலிருந்து இறங்கும்போது ரூ ருவயால் தெரு வழியாக வந்தேன். எழேனி பிராசியே 1921-ல் உணவகம் திறந்த தெரு. பண்ணையில் பன்றி மேய்த்துக்கொண்டிருந்த பெண், குழந்தை பெற்ற பிறகு லியோனுக்கு வேலை தேடி வந்தவர். 1933-ல் இந்த உணவகத்துக்கும் மலைமேல் அவர் நடத்திய இன்னொன்றுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷலேன் வழிகாட்டி நூல் மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது. உலகப் புகழ் பெற்ற சமையல் கலைஞர் போல் பொக்யூஸ் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞனாக வந்து வேலை கற்றது இவரிடம்தான். லியோனில் இப்படிப் பல பெண்கள் இருந்தார்கள். பணக்கார வீடுகளில் சமையற்காரிகளாக இருந்து வேலை போனதும் சொந்தமாகக் கடை வைத்தவர்கள். ஊர் அவர்களை "மேர்" என்றது. அம்மா. நம் ஊரில் இட்லிக் கடை ஆயாக்களை நாம் எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படி. ஆனால் இங்கே அந்த அம்மாக்களின் பெயர் தெருவிலும் வரலாற்றிலும் நிற்கிறது.

அக்டோபர் 30, புதன்

ரயிலில் வடக்கே போனேன். பூர் ஆன் பிரெஸ் தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே பசும்புல்வெளி. பிரெஸ் கோழியின் நாடு இது. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால். பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறமும் உடம்பிலேயே இருக்கும் கோழி. 1957-ல் அதற்கென்றே சட்டம் வந்தது. ஒரு கோழிக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்வெளி கொடுக்க வேண்டும் என்பது விதி.

இறங்கியது பொலிஞி என்ற ஊரில். ழுரா மலையடிவாரம். கோந்தே சீஸின் தலைநகரம் என்று பெயர் பெற்ற ஊர். கோந்தேவுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு 400 லிட்டர் பச்சைப் பால் வேண்டும். ஒரு குடும்பத்தின் நாலைந்து மாட்டுக்கு 400 லிட்டர் ஏது? மலையில் குளிர்காலமோ நீளம், பாலை உணவாகச் சேமித்தே ஆக வேண்டும். அதனால் 13ஆம் நூற்றாண்டிலேயே ஊரார் பாலை ஒன்றாகக் கொட்டிச் சீஸ் செய்து பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டுறவுப் பண்ணைகளுக்கு "ஃப்ருயித்தியேர்" என்று பெயர். இன்றும் கோந்தே அப்படித்தான் செய்யப்படுகிறது. எங்கள் தெரு முனையில் பால் சங்கத்தில் தூக்குவாளியோடு நின்றவர்களை நினைத்துக்கொண்டேன்.

செம்புக் கொப்பரையில் காய்ச்சி, அச்சில் அழுத்தி, ஊசியிலை மரப் பலகையில் அடுக்கி, உப்புநீர் தடவிப் புரட்டிப் புரட்டி வைப்பார்கள். குறைந்தது நாலு மாதம்; ஒரு வருடம், ஒன்றரை வருடம், அதற்கு மேலும் போகும். கடைசியில் 20-க்கு மதிப்பெண் போடுவார்கள். 12-க்குக் கீழே வந்தால் கோந்தே என்ற பெயரே கிடையாது.

இரண்டு துண்டை அருகருகே வைத்துக் காட்டினார்கள். ஒன்று நல்ல மஞ்சள், இன்னொன்று தந்த நிறம். சாயம் எதுவும் இல்லை. மஞ்சளானது கோடைப் பாலில் செய்தது, மாடு பச்சைப்புல் மேய்ந்த காலம். வெளிறியது குளிர்காலப் பாலில் செய்தது, உலர்ந்த புல் தின்ற காலம். சீஸை வெட்டினால் மாடு எந்த மாதத்தில் எதைத் தின்றது என்பது தெரிகிறது. மஞ்சளை முதலில் தின்றேன். வால்நட்டும் கருகிய வெண்ணெயும் போல. கண்ணுக்குத் தெரியாத சின்ன உப்பு மணி மாதிரி ஏதோ பல்லில் நெரிந்தது. அது உப்பு இல்லை. நாள்பட நாள்பட புரதம் உடைந்து திரளும் அமினோ அமிலப் படிகம்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! ஒரு ஒயின் கடைக்காரர் "வேன் ழோன்" பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டு ஒரு விரல்கடை ஊற்றினார். மஞ்சள் ஒயின். சவஞ்ஞேன் திராட்சையில் செய்து பீப்பாயில் ஊற்றி ஆறு வருடம் மூன்று மாதம் தொடாமல் வைப்பது. ஆவியாகிக் குறைவதை நிரப்ப மாட்டார்கள்; மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய ஏடாகப் படர்ந்து காக்கும். ஒரு லிட்டர் வைத்தால் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு. அதனால் அதன் குப்பியின் அளவே 62 சென்டிலிட்டர். நான் குடிப்பவள் இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன்.

வெந்தயம்!

சந்தேகமே இல்லை. வெறும் சட்டியில் வெந்தயத்தை வறுத்துச் சிவக்கும்போது வருமே, கசப்பும் கருப்பட்டியும் கலந்த வாசம், அதேதான். கண்ணை மூடினால் மதுரைச் சமையலறை, அம்மா புளிக்குழம்புக்குத் தாளிக்கிறாள். என் படிப்பு வேதியியல் என்பதால் உடனே புரிந்தது. சோட்டலான் என்ற ஒரு சேர்மம். வெந்தய வாசத்தின் உயிரே அதுதான், வேன் ழோன் வாசத்தின் உயிரும் அதுதான். பாடத்தில் படித்த பெயர். ஆனால் படித்தது வேறு, பிறந்த வீட்டிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மலையடிவாரத்தில் கண்ணாடிக் குவளைக்குள் அம்மாவின் சட்டி வாசம் எழுவது வேறு. கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஆறு வருஷமா? நான் அஞ்சு நிமிஷத்துல வறுத்துருவேனேடி" என்றாள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சீஸின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. புரட்டிப் போட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

இன்று தீபாவளி. இங்கே மற்றொரு வியாழக்கிழமை.

நேற்று முன்தினமே கியோத்தியேர் பக்கம் ஈழத்து அண்ணன் கடையில் நல்லெண்ணெய் வாங்கி வைத்திருந்தேன். "தீபாவளிக்கோ தங்கச்சி? அப்ப உளுந்தும் கொண்டு போங்கோ" என்று புது மூட்டை பிரித்துக் கொடுத்தார். இருட்டோடு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, விளக்கேற்றி, சுசியமும் வடையும் சுட்டேன். அம்மா பார்சலில் அனுப்பிய முறுக்கும் தீபாவளி லேகியமும் இருந்தன. தட்டில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மதாம் தட்டைக் கூர்ந்து பார்த்தார். பெயர் கேட்கவில்லை, எதில் செய்தது என்றும் கேட்கவில்லை. முதலில் கேட்டது: "எதை முதல்ல சாப்பிடணும்? எப்போ?"

ஒன்றரை வருடத்தில் என் சாப்பாட்டைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. காரமா, சைவமா, கையாலா என்றுதான் கேட்பார்கள். சொன்னேன்: முதலில் லேகியம், வெறும் வயிற்றில், சுண்டைக்காய் அளவு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய். இன்றைக்கு முழுக்க எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் உள்ளே போகும், அதற்கு முன்னாலேயே வயிற்றைத் தயார் பண்ணி வைக்க. அவர் ஸ்பூனில் நுனியளவு எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். திப்பிலி தொண்டையில் இறங்கும் வரை காத்திருந்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து மரக்கூட்டுக்குள் வைத்த ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்தார். ஷார்த்ரேஸ். கிரனோபிள் அருகே மலைமடத்துத் துறவிகள் 130 மூலிகைகளிலிருந்து வடிப்பது. இன்று மதுவாகப் பெயரெடுத்தாலும் மருந்தாகத் தொடங்கியது. சர்க்கரைக் கட்டி ஒன்றில் ரெண்டு சொட்டு விட்டு நீட்டினார். "உங்களுக்கு முன்னால. எங்களுக்குப் பின்னால" என்றார்.

ஓமமும் புதினாவும் கலந்தாற்போல் ஒரு வாசம், பிறகு நெருப்பு. இரண்டு மருந்தையும் மேசை மேல் அருகருகே வைத்துவிட்டுச் சுசியம் சாப்பிட்டோம். வெல்லப் பூரணம் அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. கஷ்கொட்டையை அவித்து மசித்தால் இதே மாதிரி வரும் என்றார். நாளைக்குத் தன்னோடு வர முடியுமா என்று கேட்டார்.

நவம்பர் 1, வெள்ளி

துசேன். அனைத்துப் புனிதர் நாள், அரசு விடுமுறை. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் நாளை 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போவார்கள். இங்கே விடுமுறை இன்றைக்கு என்பதால் இன்றே போய்விடுகிறார்கள். மதாமோடு க்ருவா ரூஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வழியெல்லாம் சாமந்தித் தொட்டிகள். எங்களுக்குச் சாமிக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் பூ. இங்கே இறந்தவருக்கு மட்டும்தான். விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு மறந்தும் சாமந்தி கொண்டுபோகக் கூடாது. மஞ்சள் தொட்டி ஒன்றை அவர் கணவரின் கல்லருகே வைத்தோம். காய்ந்த இலைகளை அவர் கையாலேயே கூட்டினார். "இவருக்கு நல்லா ஒழுகுற சேன் மார்செலேன்தான் பிடிக்கும். கெட்டியா இருந்தா தொட மாட்டார்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் அவர் பூசணி சூப்பைச் சூடு பண்ணப் போனார். நான் மாடிக்கு ஓடினேன். ஜன்னல் திட்டில் கிண்ணத்தைத் தூக்கினேன். ஆறு நாள் முன்பு பனீர் போல் வெள்ளையாக இருந்தது இப்போது பொன்னிறமாகச் சுருங்கி, மேலே மெல்லிய மடிப்புகளோடு, நடுவில் லேசாகத் தாழ்ந்திருந்தது. விரலால் தொட்டேன், உள்ளே ஏதோ அசைந்தது. தட்டோடு இரண்டு கையிலும் ஏந்தி, படி படியாக இறங்கினேன்.

சூப் முடிந்து, கீரை முடிந்து, தட்டுகளை எடுத்த பிறகு அதை மேசை நடுவில் வைத்தேன். மதாம் என்னைப் பார்த்தார், சீஸைப் பார்த்தார். "எங்க வாங்கினீங்க?" என்றார்.

"சேன் அந்துவான் கரையில. போன சனிக்கிழமை. இன்னைக்குன்னு சொல்லி."

கத்தியால் தோலைக் கீறினார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீறலிலிருந்து மெதுவாக, பாலாடை போல, தட்டெல்லாம் வழிந்தது. அவர் பகெத்தின் நுனியைப் பிய்த்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டார். மீதி ரொட்டியை நிமிர்த்தி வைத்தேன்.